ஒரு கோட்டுக்கு ஓர் ஆள்

முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. பாய்லருக்குள் முப்பது வருஷம் மண்டிபோட்டு உப்பு கொத்தினவனுக்குக் கோயிலில் மண்டிபோடுவது ஒரு பெரிய காரியமா என்று கேட்பீர்கள். பெரிய காரியம்தான். பதினோரு வருஷம் தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். கோயிலில் ஈ காக்கை இல்லை. செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தன மரக்கூண்டில் மூன்று அறை. நடுவில் சாமியார். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கத்து அறை காலி. அதன் கதவு ஆவென்று திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

சாமியார் சின்ன வயசு, ஊருக்குப் புதுசு. சல்லடை ஜன்னலில் அவர் காது மட்டும் தெரிந்தது.

"சொல்லுங்க," என்றார்.

சொன்னேன்.

மில் பாய்லரை வருஷத்துக்கு ஒருதரம் அணைத்து, ஆறவிட்டு, உள்ளே புகுந்து இரும்பில் படிந்த உப்பைக் கொத்தி எடுப்போம். நானும் கட்டையனும் ஜோடி. அவன் உயரத்துக்கு அந்தப் பேர். "பாய்லருக்கு அளவெடுத்துத்தான்டா உன்னைப் பெத்திருக்காங்க" என்பேன். "உன் தொப்பைக்கு இன்னொரு ஓட்டை போடச் சொல்லணும்" என்பான். உள்ளே போகிறவன், ஆள் நுழைகிற ஓட்டையின் மூடிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். வெளியே வந்ததும் தன் கோட்டைத் தானே அழிப்பான். கோடு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். அடுத்தவன் கோட்டில் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அன்றைக்கு நான் முதலில் வெளியே வந்தேன். கண்ணெல்லாம் தூள். முகம் துடைத்த ஈரத் துணியாலேயே, சரியாகப் பார்க்காமல், என் கோட்டை அழித்தேன். கோடு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. துணி பெரிசு.

டீ குடிக்கப் போனவன் சாப்பிட்டுத் திரும்ப வெகுநேரம் ஆகிவிட்டது.

மேஸ்திரி வந்து பார்த்தார். கோடு இல்லை. ஒரு குரல் கொடுத்தார், பதில் இல்லை. கட்டையன் கடைசி மூலையில் சோர்ந்து கண்ணயர்ந்திருக்க வேண்டும். மூடியை முறுக்கினார்கள். தண்ணீர் விட்டார்கள். தீ போட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று.

"என்னப்பா சத்தம்?" என்றார் தீ போடுகிறவர்.

சூடேறும்போது இரும்பு முறுக்கிக்கொண்டு தட்டும். எங்கள் தொழிலில் பழகிய சத்தம்.

"இரும்புதான்ணே," என்றேன்.

அப்புறம்தான் ஆணியில் அவன் சட்டை தொங்குவதைப் பார்த்தேன். கத்திக்கொண்டு ஓடினேன். தீயை வாரி, தண்ணீரை வடித்து, மூடியைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணையில், கட்டையன் வெளியே வந்து தன் கோட்டைத் தானே அழித்ததைப் பார்த்தேன் என்றேன். பிறகு யாருக்கும் சொல்லாமல் உள்ளே போயிருப்பான் என்றேன். கோட்டை அழித்துவிட்டு உள்ளே போகிறவன் எதுக்குப் போவான்? சாகத்தான் போனான் என்றது ஊர். அவன் பெண்டாட்டியும் நம்பினாள்.

 சாமியார் கையை உயர்த்தி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என் பாவங்களை மன்னித்தார்.

"ஆண்டவர் மன்னிச்சிட்டார். மன்னிச்சதை அவர் திரும்பக் கிளறமாட்டார். ஆனா அந்த அம்மாவுக்கு உண்மை தெரியணும். இங்க கேட்டதை நான் வெளியில மூச்சுவிட முடியாது. நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன் சாமி."

"இன்னிக்கே."

"இன்னிக்கே."

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது. சத்தமில்லாமல் அழுதேன்.

டக். டக். டக்.

அந்தப் பக்கத்து அறையிலிருந்து.

"அடுத்தவர் வந்துட்டார் போல," என்று சாமியார் என் ஜன்னலை மூடி, மறுபக்கத்து ஜன்னலைத் திறந்தார்.

"சொல்லுங்க."

பதில் இல்லை.

"பயப்படாதீங்க, சொல்லுங்க."

ஈர இரும்பு வாடை. வெந்த சுண்ணாம்பு வாடை. எனக்கு அது எந்த வாடை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?" என்றார் சாமியார், அந்தப் பக்கம் இருந்தவரிடம்.

நான் வெளியே வந்து விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். திறந்து கிடந்த கதவு இப்போது சாத்தியிருந்தது.

பீடத்துப் பக்கத்தில் கட்டையனின் பெண்டாட்டி மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் வந்து செய்வாள். கூலி கிடையாது.

"அண்ணே, நீங்களா? வெளுத்துப் போயிருக்கீங்களே. சாப்பிட்டீங்களா?"

சாமியாரும் வெளியே வந்தார். "உள்ள ஒருத்தர் இருந்தாரே. போயிட்டாரா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"யாரும் வரலையே சாமி," என்றாள் அவள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். "நாளைக்குப் பூசையில எங்க வீட்டுக்காரரையும் நினைச்சுக்கோங்க. பாய்லர்ல போனவரு. தன் உயிரைத் தானே எடுத்துக்கிட்டவருக்கு மன்னிப்பு உண்டா சாமி?"

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஆண்டவர் இரக்கத்துக்கு அளவில்லம்மா," என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உண்டுன்னு ஒருத்தரும் அடிச்சுச் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஊரே அவரைக் கோழைன்னுச்சு. இந்த அண்ணன் மட்டும்தான் இன்னைவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல."

என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தங்கச்சி," என்றேன்.

"சொல்லுங்கண்ணே."

ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"மழை வரும்போல இருக்கு. பாத்துப் போ."

டக். டக். டக்.

மூன்று பேருக்கும் கேட்டது.

"ஐயோ பாவம், யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்க," என்று அவளே போனாள். நான் தடுக்கவில்லை. கதவை இழுத்தாள்.

உள்ளே யாரும் இல்லை.

பலகையில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்து ஊதிக்கொண்டாள்.

"என்ன இது, இப்படிச் சுடுது?"

இது நடந்து மூன்று மாசம். சாமியார் ஆளனுப்பவில்லை, கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அவள் சனிக்கிழமை வந்ததும் முதல் வேலையாக அந்தக் கதவைத் திறந்து, அசையாதபடி ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைக்கிறாள். அவள் மெழுகு சுரண்டி முடிப்பதற்குள் கதவு சாத்தியிருக்கிறது. செங்கல் உள்ளே இருக்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் தட்டுகளை எண்ணுகிறேன். மூன்று. கொஞ்சம் விட்டு, மூன்று.

ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார். சத்தியமாக நம்புகிறேன். உன் புருஷன் சாகப் போகவில்லை, அவன் கோட்டை அழித்தவன் நான்தான் என்று அவளிடம் சொல்ல வேண்டியது மட்டும் இன்னும் பாக்கி.