தொண்ணூறாவது நிமிடம்

எண்ணூரில் அப்போது எல்லோரும் பச்சையாகத்தான் துப்பினார்கள். காலையில் பல் துலக்கியதும் நீந்துபாசியை ஒரு மடக்கு மூக்கால் உறிஞ்சிக்கொள்வார்கள். அந்த ஒற்றைச் செல் பாசிகள் நுரையீரலுக்குள் இரண்டு வால்களை அடித்து நீந்தி, சாம்பல் தூசியைச் சளியோடு வெளியே தள்ளிவிடும்.

காய்ச்சல் முற்றிச் சளியில் அமிலம் ஏறினால் மட்டும் வால்கள் உதிரும். வால் உதிர்ந்த பாசி செத்த பாசி. அழுகும் முன் அதைக் கரைத்தெடுக்கக் கரைப்பானைச் செலுத்து என்றது மருத்துவக் கையேடு. கரைப்பானைத் தாங்கிப் பிழைத்தவர்கள் பாதிப் பேர். யுவராணி பிழைக்கவில்லை. கையேட்டுக்கு அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் அவள் கணவன் தணிகை.

ஐந்து மாதமாயிற்று. வாலை அறுக்கும் புரதம் பாசியில் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் ஆய்வகத்தில் அவன் வேலை. இடம் தெரிந்தால் அதை நீக்கிவிடலாம், வால் உதிராது. இத்தனை காலமும் பாசியைக் கொன்று சாயமேற்றித்தான் பார்த்தார்கள். புதிதாக வந்த நுண்ணோக்கியான உயிர்நோக்கி, பாசி நீந்தும்போதே புரதத்தை ஒளிரவைத்தது.

அமிலச் சொட்டு விட்டான். வாலின் அடியில் நட்சத்திரமாகப் புரதம் ஒளிர்ந்தது. சுருங்கியது. வால் அறுந்து மிதந்தது. வழக்கப்படி அமிலத்தைக் கழுவினான்.

"அடியிலதான் இருக்கு."

"அப்போ முடிஞ்சுது. வீட்டுக்குப் போய்த் தூங்கு," என்றாள் பக்கத்து மேசை ரெஜினா. "மூஞ்சியப் பாரு, காஞ்ச கருவாடாட்டம்."

வீடு என்றதும் கால் எழவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான். இரண்டு முறை கை கழுவினான். மறுபடி வந்து குனிந்தான்.

அறுந்த இடத்தைப் புரதம் முடிச்சுப்போல் இறுக்கி மூடியிருந்தது. அதன் மேல் ஒரு சின்ன முளை. நடந்துவிட்டு வந்தான். முளை வளர்ந்திருந்தது. அரை வாலாயிற்று. தொண்ணூறாவது நிமிடத்தில் பாசி நீந்திப் போயிற்று.

ரெஜினாவின் கைபேசி அடித்தது. கேட்டவள் முகம் வெளிறியது. "சூசை அண்ணனுக்கு வால் உதிர்ந்துடுச்சாம். கரைப்பானுக்கு அண்ணி கையெழுத்துப் போடணுமாம்."

"போட வேணாம்னு சொல்லு. உதிர்ந்து எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"அமிலம்?"

"இறக்கிட்டாங்களாம்."

"இன்னும் ஒரு மணி நேரம் விடு. முளைக்கும்."

ரெஜினா அவனை வெறித்தாள். "யுவராணிக்கு நீ போட்டியே?"

"போட்டேன்."

உயிர்நோக்கியை அவள் பக்கம் திருப்பினான். வால் முளைத்த பாசி நீந்திக்கொண்டிருந்ததை அவள் குனிந்து பார்த்தாள். பிறகு கைபேசியில், "அண்ணி, பேனாவக் கீழ வைங்க," என்றாள்.

அந்த ஒரு மணி நேரமும் இருவரும் உட்காரவில்லை. கைபேசி அடித்ததும் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "பச்சையா துப்பிட்டானாம்! டாக்டர் சட்டை மேலயே!"

மறுநாள் கையேட்டைத் திருத்தும் படிவம் வந்தது. பழைய வரியை அடித்தான். 'காத்திருக்க வேண்டிய நிமிடங்கள்' என்ற கட்டத்தில் தொண்ணூறு என்று எழுதினான்.

யுவராணிக்கு அவன் கையெழுத்துப் போட்டது நாற்பதாவது நிமிடத்தில்.

எழுந்து ஜன்னல்வரை நடந்தான். திரும்பினான். மறுபடி நடந்தான். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.