பூஜ்யம் வாங்கிய மனிதர்

காலை 10.20. ஐ.சி.யூ.வின் கடைசிக் கட்டிலில் ஒரு மனிதரின் உயிராசை காணாமல் போயிருந்தது.

புகார் கொடுத்தவள் அவர் மனைவி. நகை, கார், கல்யாண மாப்பிள்ளை என்று காணாமல் போன எல்லாவற்றையும் தேடிப் பிடித்தவர்தான் அந்தப் பெண் இன்ஸ்பெக்டர். ஆனாலும் இப்படியொரு புகாரை அவர் கேட்டதில்லை.

"வாழ்க்கைத் தரத்தை அளக்கணும்னு நேத்து டாக்டர் கேள்வி கேட்டாராம் மேடம். வலி தாங்க முடியுதா, வீட்டு ஆளுங்களைப் பாக்கப் பிடிக்குதா, சிகிச்சை வேணுமா... எல்லாத்துக்கும் 'இல்ல'. நூத்துக்குப் பூஜ்யம்! பன்னெண்டு மணிக்கு மூச்சு மிஷினை எடுக்கப் போறாங்க. இவர் அப்படிச் சொல்ற ஆளே இல்ல!"

நரம்பு நோயில் உடம்பு செயலிழந்து, தொண்டையில் குழாயோடு கிடந்தார் அவர். அசைந்தது இமை மட்டும். ஒரு முறை இமைத்தால் 'ஆமாம்', இரு முறை என்றால் 'இல்லை'. இது டாக்டர் வைத்த விதி.

"அவருக்கு இதைப் பழக்கினது யாரு?"

"வீட்டு ஆளுங்கதான் மேடம். எங்க வழக்கம் அது" என்றார் டாக்டர்.

கட்டிலருகே நோயாளியின் தம்பி அழுதழுது கண் வீங்கி நின்றான். "அண்ணே, உதடு காயுதா?"

இமை இரு முறை மூடித் திறந்தது. தம்பி பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினான். பார்த்த எல்லோருக்கும் மனசு இளகியது.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "ஐயா, நீங்க பொம்பளையா?"

ஒரு முறை இமைத்தார். நர்ஸ் சிரிப்பை அடக்கினாள்.

மனைவியைக் காட்டி, "இவங்க உங்க சம்சாரமா?"

இரு முறை.

"நினைவு குழம்பிடுச்சு போல" என்றார் டாக்டர்.

"அவர் தெளிவாத்தான் இருக்கார். விதியைத்தான் யாரோ தலைகீழாச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. பதில் தெரிஞ்ச கேள்வி ஒண்ணை முதல்ல கேட்டிருந்தா நேத்தே புரிஞ்சிருக்கும் டாக்டர்." இன்ஸ்பெக்டர் தம்பி பக்கம் திரும்பினார். "ரெண்டு தடவை இமைச்சார். டாக்டர் கணக்குல அது 'இல்ல'. அப்புறம் எதுக்குத் தம்பி உதட்டை நனைச்சீங்க?"

தம்பி கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தான்.

"அண்ணன் எழுந்து வந்தா நான் மறுபடி எங்க கடையில ரெண்டாம் ஆள்தானே..." என்று முனகினான். உடன் வந்திருந்த கான்ஸ்டபிள் அவனை வெளியே கூட்டிப் போனார்.

மனைவி கணவரின் முகத்தருகே போனாள். "ஏங்க, பொழைச்சு வீட்டுக்கு வரணுமா?"

இரு முறை. உடனே இன்னொரு இரு முறை. பிறகு மறுபடியும்.

"போதுங்க, புரிஞ்சிடுச்சு!" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் நிறுத்துவதாக இல்லை.