நாற்பத்திரண்டாவது பதிவு

சனிக்கிழமை, காலை 8.10.

திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய அலைவாய் மீனவர் சங்கத்தின் வானொலி அறையில் ஒரு குரல் களவு போயிருந்தது.

படகுகள் கடலிலிருந்து கதைப்பதையெல்லாம் அங்குள்ள கணினி தானாகவே பதிந்து இலக்கமிட்டு வைக்கும். வியாழக்கிழமைப் புயலின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டுவந்த முகாமையாளர் முனீப், நாற்பத்தொன்றுக்கு அடுத்ததாக நாற்பத்துமூன்று நிற்பதைக் கண்டு கத்திய கத்தலுக்கு, நங்கூரமிட்டிருந்த கப்பலொன்று மறுமொழியாக ஊதியது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள்.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. வியாழன் போன படகுகளில் ஒன்று திரும்பவில்லை. சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த சுலக்சன், கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று தனியே போனவன். நேவி தேடிக்கொண்டிருந்தது. அவன் கடைசியாகக் கூப்பிட்டிருந்தால், அது அந்த நாற்பத்திரண்டாக இருக்கலாம்.

கணினியின் குறிப்பு ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருந்தது: ‘42 அழிக்கப்பட்டது. வெள்ளி 06:50. ஷிஃபானா.’

ஷிஃபானா கிண்ணியாப் பெண். வானொலிக் கதிரை அவளுடையது. புயலன்றும் அவள்தான் கடமை. வெள்ளி காலை ஆறு மணிக்கு வந்து, முனீப் வரும்வரை தனியே இருந்தவளும் அவள்தான். நித்திரை கொண்டாள், அழைப்பைத் தவறவிட்டாள், விடிந்ததும் தடயத்தை அழித்தாள் என்ற கதை, அவளுக்கு முன்னமே கிண்ணியாப் பாலத்தைக் கடந்து அவளுடைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது. ஞாயிறு சங்கக் கூட்டம். அவளைப் பொலிசில் கொடுப்பதென்று பலரும் முடிவெடுத்துவிட்டார்கள்.

முனீப் ஒரு நல்ல காரியம் செய்தார். யசோதராவுக்குப் போன் எடுத்தார்.

கணினிக்குள் புகும் கள்ளரைத் தேடிப் பிடிப்பது யசோதராவின் தொழில். உப்புவெளி வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனிகளுக்கு வேலை செய்பவள். அவள் முறைத்துப் பார்த்தால் விசைப்பலகையே வாக்குமூலம் கொடுக்கும் என்று பேர்.

கணினியை ஒருதரம் நிறுத்திப் போட்டுப் பார்க்கட்டுமா என்று முனீப் கேட்டார். சங்கத்தில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து.

“தொட்டீங்களெண்டால் எல்லாம் போயிடும். கையை எடுங்கோ,” என்றாள் யசோதரா.

அரைமணியில் வந்து சேர்ந்து காரணம் சொன்னாள். அந்தப் பதிவுச் செயலி கணினிக்குள்ளேயே மூடிய ஒரு பெட்டிக்குள் ஓடுகிறது, பெயர் கொன்டெய்னர். முனீப் யன்னலால் துறைமுகக் கிரேனைப் பார்த்தார். அது இல்லை, இது மென்பொருள் பெட்டி என்றாள். இங்கே போட்டிருக்கிற விதத்தில், நிறுத்தினால் பழைய பெட்டி குப்பைக்குப் போகும், புதுப் பெட்டி வரும், தடயம் பழையதோடு போகும். ஆகவே பெட்டியை நின்ற நிலையிலேயே உறையவைத்து, நகலெடுத்து, தன் மடிக்கணினியில் இணையத் தொடர்பே இல்லாமல் ஓடவிட்டாள். நகல் உடைந்தால் எறிந்துவிட்டு இன்னொரு நகல். மூலத்தில் விரல் படாது. மத்தியானத்துக்குள் அவள் உடைத்தெறிந்த பெட்டிகளை அடுக்கினால் கோணேசர் மலைக்குச் சமமாக வரும்.

நகலிடம் அவள் முதலில் கேட்டது நேரம். விடையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

“இந்த மணிக்கூட்டுக்கு எப்ப பட்டரி போட்டனீங்கள்?”

போன கிழமைதான் என்றார் முனீப்.

அடுத்தது ஷிஃபானா. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

“வெள்ளி காலமை பதிவுகளைத் திறந்தனீங்களோ?”

“இல்ல மிஸ்.”

“உங்கட பேர் கிடக்குதே.”

“பேர் எப்பவும் இரிக்கும். ஆறு மணிக்குக் கணினியில போட்டா, வீட்ட போகும்வரைக்கும் எடுக்கிறல்ல. மைக் ஒரு நிமிஷமும் தனிய இரிக்கக் கூடா. மத்தியானம் லுஹர் தொழ உள் அறைக்குப் போனாலும், ஆராச்சும் கதிரையில இரிந்த பொறகுதான் எழும்புவன்.”

வந்தவர்கள் எல்லோரும் யசோதராவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அழிந்ததை எடுக்கலாமா? முனீப் கேட்டார். காவலாளி கேட்டார். சுலக்சனின் தாய் பூரணம் வாசலில் நின்றபடி, அவன் குரல் அதற்குள் கிடக்கிறதா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவன் எங்கேயோ கரை ஒதுங்கியிருப்பான், இவரும் அப்படித்தான் சொன்னவர் என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள்.

இவர் என்றது புருஷன் தம்புவை. சங்கத்தின் களஞ்சியப் பொறுப்பாளர். அவர் யசோதராவுக்குப் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். ஷிஃபானாவை யாரும் ஏசக்கூடாது என்றார். போனது போகட்டும் என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் யசோதரா நாற்பத்திரண்டை மீட்டாள். இரைச்சலை அரித்தெடுத்து, காதில் மாட்டிக் கேட்டாள். இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஞாயிறு, பிற்பகல் 2.30. கூட்டத்துக்கு அரைமணி இருந்தது. வானொலி அறையில் நால்வர்: யசோதரா, முனீப், ஷிஃபானா, தம்பு.

யசோதரா சுருக்கமாகச் சொன்னாள். இந்தச் செயலியைப் போட்டுத்தந்த பொடியன், வேறெவரும் செய்யாத ஒரு வேலை செய்திருந்தான். ஒவ்வொரு விடியலிலும் பெட்டியை அப்படியே ஒரு அடுக்காக மூடிவைத்து, அதன்மேல் புது அடுக்கை ஓடவிடுகிறான். கண்ணாடிமேல் கண்ணாடி வைத்த மாதிரி. வியாழன் பதிவு அடிக் கண்ணாடியில் இருந்தது. வெள்ளி அழித்தவர் மேல் கண்ணாடியில் ஒரு கறுப்புத் தாள் ஒட்டியதோடு சரி. கீழே குரல் அப்படியே கிடந்தது.

“அப்ப 06:50?” என்றார் முனீப்.

“அது பெட்டியின்ர நேரம். ஒருத்தரும் மாத்தாட்டில் பெட்டிக்குள்ள லண்டன் பக்கத்து நேரம்தான் ஓடும். எங்கட நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் கூட்டுங்கோ.”

முனீப் விரல்மடக்கிக் கூட்டினார். வெள்ளி, பன்னிரண்டு இருபது. அவர் ஜும்மாவுக்குப் பள்ளிவாசலில் இருந்த நேரம். ஷிஃபானா உள் அறையில் தொழுகையில் இருந்த நேரம். கணினியின் குறிப்பு காலையைச் சொன்னதால் மத்தியானத்தைப் பற்றி ஒருவரும் அவளைக் கேட்கவேயில்லை.

ஷிஃபானா மெல்லத் திரும்பித் தம்புவைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் கதிரையில் வந்து இருப்பவர் அவர்தான்.

“பிழையை மறைக்கிற ஆள் ஒருதரம் கேட்டிட்டு அழிச்சிருக்கும்,” என்றாள் யசோதரா. “இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கு, பெட்டியில அந்தக் கணக்கும் கிடக்கு. பேந்துதான் அழிச்சிருக்கு. எடுக்கலாமோ எண்டு எல்லாரும் கேட்டவை, அண்ணை. பெத்த நீங்கள் மட்டும் கேக்கேல்லை.”

தம்பு மறுக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“‘அப்பா, தண்ணி ஏறீட்டுது’ எண்டவன். ‘அம்மாவுக்குச் சொல்லாதையுங்கோ, எங்கயோ கரை ஒதுங்கீட்டன் எண்டு சொல்லுங்கோ’ எண்டவன். பிள்ளை கடைசியாக் கேட்டது. நான் என்ன செய்ய?”

அந்தப் பதிவில் இடம் எதுவும் சொல்லப்படவில்லை, பதிவு அழியாமல் இருந்திருந்தாலும் தேடல் மாறியிராது என்று யசோதரா சொன்னாள். புயல் இரைச்சலில் கதிரையில் இருந்த எவருக்கும் அந்தக் குரல் ஒரே தரத்தில் பிரிந்து கேட்டிருக்காது என்றும் சொன்னாள். அவள் அறிந்த ஆறுதல் அவ்வளவுதான்.



“ரெண்டு நாளா வாப்பா என்னோட கதைக்கல்ல, ஐயா,” என்றாள் ஷிஃபானா.

“தெரியும், மகள். உன்னைக் காப்பாத்த ஒரு வழிதான் இருந்தது. உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.”

கூட்டத்தில் தானே பேசுவதாக யசோதரா சொன்னாள். தம்பு தலையசைத்து மறுத்தார். கூட்டத்துக்குச் சொல்ல முன்னம் சொல்லவேண்டிய ஒரு ஆள் இருக்கிறது என்று வெளியே நடந்தார். படியில் கால் தடுமாறியது. ஷிஃபானா ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

முற்றத்து வேப்பமரத்தடியில் பெண்களோடு இருந்த பூரணம், இருவரும் சேர்ந்து வருவதைக் கண்டு எழும்பினாள்.

“மகன் கதைச்சவன், பூரணம்,” என்றார் தம்பு.

அவளுடைய முகம் மலர்ந்தது.

“என்னவாம்?” என்று கேட்டாள்.