மூன்றாவது ரோலரின் வெற்று ஓட்டம்

இப்போதெல்லாம் மனுஷன் சொன்னால் எவனும் நம்புவதில்லை. பெட்டி சொன்னால் கையெடுத்துக் கும்பிடுகிறான். ஆலையில் எண்ணெய் போட்டுப் பராமரிக்கும் கிரீஸ்காரர் மிஷினைத் தொட்டே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷமாக அது போதுமாக இருந்தது. இன்று தேயிலை ஆலைக்கு வார விடுமுறை. எந்த மோட்டார் எவ்வளவு கரன்ட் தின்கிறது என்று அளக்க ஒரு பெண் வந்திருக்கிறாள், கையில் அந்தப் பெட்டி, நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் வைத்த டாங் டெஸ்டர். அவளுக்கு அவர் ஒவ்வொரு மிஷினாக ஓட்டிக் காட்டவேண்டும். முழங்கால் இரண்டும் காலையிலிருந்தே ஓய்வு கேட்டுக்கொண்டிருந்தன.

கொடுக்கு வயரைக் கவ்வியது. இலை அரைக்கும் முதல் ரோலர், வெறுமனே ஓடும்போது, எட்டு ஆம்பியர். இரண்டாவதும் எட்டு. மூன்றாவது பதினாலு.

"ஐயா, இதுல இலை கிடக்கா?"

"லீவு நாள்ல யாரும்மா இலை போடுவா? உங்க மாமியாரா?"

அவள் சிரிக்கவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். காலி. "அப்போ பேரிங்ல கிரீஸ் இல்ல. அப்படித்தான் எழுதணும்."

எழுதினால் தீர்ந்தது. இன்னொரு குறை வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் போன மாதமே அவரிடம் சொல்லிவிட்டார். வீடு என்றால் மகன் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி.

பேரிங்கைத் தொட்டார். சில்லென்றிருந்தது, காய்ந்த பேரிங் சுட்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையை அதில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்தார். கூரைக் கண்ணாடியில் பனி அப்பி மத்தியானத்தையே மங்கலாக்கியிருக்க, பழைய இலைக்கறை புளித்த வாடைக்குள், ரோலரின் பித்தளை மேசை சுற்றும் உரசலுக்கும் அடியில், ஈரத் துணியைப் பிழிவதுபோலப் பச்சை இலை நசுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நிறுத்தினார். பூஜ்யம். மறுபடி ஓட்டினார். எட்டு. ஒன்பது. பத்தரை. பன்னிரண்டு.

படிப்படியாக. மேல் தளத்திலிருந்து கேன்வாஸ் துணிக் குழாய் வழியாக இலையை வாரி வாரிப் போடும்போது மோட்டார் இப்படித்தான் முக்கும். மேல் தளம் பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்பில்.

"யாரு மேல?"

எண் மட்டும் ஏறியது. பதினாலு.

இலை நிறைந்ததும் மூடியை இறக்கி அழுத்த வேண்டும். குழாயில் சிக்கிய இலையை மேலே இருப்பவர் கையை விட்டுத் தள்ளுவார். அதனால் கீழே இருப்பவர் குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் மூடியை இறக்கும் சக்கரத்தைத் திருப்புவார். பழகிய வாய்.

"கை எடு!"

"எடுத்தாச்சு."

பழகிய கை. திருப்பிவிட்டது. மூடி இறங்கிய பிறகுதான் உறைத்தது. மேலே ஆளே இல்லை.

"இருபத்திரெண்டு," என்றாள் அவள், மெல்ல.

மோட்டார் முக்கியது. ஏதோ முறிந்தது. சுள்ளி மாதிரி. பிறகு மேலேயிருந்து, வலியே இல்லாமல், வேலை முடிந்த அலுப்போடு அதே குரல்.

"ஒரு கையத்தான் எடுத்தேன்."

எண் இறங்கியது. எட்டு.

"எட்டு ஐயா. சரியாயிடுச்சு. எட்டுன்னே எழுதிடறேன்." எழுதிவிட்டு மேலே பார்த்தாள். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"என்னத்த?"

"ஒண்ணுமில்ல."

சுவிட்சை அணைத்தார். சத்தமெல்லாம் அடங்கியது. கேன்வாஸ் குழாயில் மேலிருந்து ஒரு புடைப்பு இறங்கியது. அவசரமில்லாமல். மூடிக்கு ஒரு முழம் மேலே நின்றது. உள்ளிருந்து ஐந்து விரல்கள் துணியை அழுத்தின. தடவின. எதையோ தேடின.

"காத்து," என்றார் கிரீஸ்காரர். சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. "பெட்டியும் கோளாறு, துணியும் கோளாறு. வாம்மா, போலாம்."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தார். பெட்டியையும் நம்பவில்லை, காதையும் நம்பவில்லை. பின்னால் அந்த ஒற்றைக் கையின் விரல்கள் குழாயின் வாயைக் கண்டுபிடித்து வெளியே வந்து, மூடியின் விளிம்பில் நகத்தை நுழைத்து, நெம்பத் தொடங்கியிருந்தன.