நாலு தாளும் ஒரு செடியும்

சுண்டுவுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. காலையிலிருந்து பக்கத்துத் தோட்டத்தில் களை பிடுங்கியிருந்தாள். அம்மாவின் பைண்டிங் கடைக்குள் வந்ததும் தரையில் மல்லாந்து படுத்தாள்.

மேசைமேல் ஒரு பழைய கையெழுத்துப் புத்தகம் பிரிந்து கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் செடிப் படங்கள். யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. பக்க எண் கிடையாது. நாலு தாள் மட்டும் கழன்று வந்திருந்தன.

"நாலும் நாலு செடி. எது முன்னாடி, எது பின்னாடி?" என்றார் அதைத் தைக்கக் கொண்டு வந்திருந்த நூலக அதிகாரி. "சாயந்திரத்துக்குள்ள வரிசை தெரியலைன்னா வேற கடைக்குக் கொடுத்துடுவேன்மா. மீதி முப்பது புத்தகமும் அங்கேதான் போகும்."

அம்மா நாலு தாளையும் மறுபடி திருப்பிப் பார்த்தாள். அந்த முப்பது புத்தகத்தை விட்டால் கடையில் வேறு வேலை இல்லை.

சுண்டு எழுந்து எட்டிப் பார்த்தாள். ஒரு தாளில் கூர்மூக்குக் காய்கள். ஒன்றில் இரண்டே குட்டி இலைகள். ஒன்றில் உயரமான தண்டு, வெள்ளைப் பூக்கள். இன்னொன்றில் பருத்த வேர்.

"அம்மா, நாலும் ஒரே செடி. முள்ளங்கி!"

அதிகாரி சிரித்தார். "வாரா வாரம் முள்ளங்கி வாங்குறேன். பூவைப் பார்த்ததே இல்லையே!"

"பூக்கிறதுக்குள்ள பிடுங்கி வித்துடுறாங்க, சார். விட்டு வச்சா பூக்கும், காய்க்கும்."

"வாயால சொன்னாப் போதுமா?"

சுண்டு வெளியே ஓடினாள். திரும்பும்போது கையில் நாலு செடி: முளை, வேர் பருத்தது, பூத்தது, காய்த்தது.

"மண்ணு! தாள் பக்கம் கொண்டு வராதே!" அம்மா அலறினாள்.

சுண்டு அவற்றைத் தரையில் வரிசையாக வைத்தாள். "இந்தக் காயைக் கடிச்சுப் பாருங்க, சார்."

கடித்தவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அடேயப்பா! அதே முள்ளங்கிக் காரம்!"

செடியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாள்களைத் தானே அடுக்கினார். "தைங்கம்மா. மீதி முப்பதையும் நாளைக்குக் கொண்டு வர்றேன்."

அம்மா ஊசியில் நூல் கோப்பதற்குள் வாசலில் பக்கத்துத் தோட்டக்காரர் வந்து நின்றார்.

"விதைக்குன்னு ரெண்டே ரெண்டு செடி விட்டு வச்சிருந்தேன். எந்தக் கழுதை பிடுங்குச்சு?"

"நான்தான், மாமா. அவசரத்துல கேக்கலை. தப்புதான்."

"காய் இன்னும் முத்தக்கூட இல்லையே! அடுத்த தடவை எதை விதைப்பேன்?"

"நானே செடி வளர்த்து விதை எடுத்துத் தர்றேன்."

"அதுக்கு மாசக்கணக்கா ஆகும், தெரியுமா?"

"தெரியும், மாமா."

தோட்டக்கார மாமாவுக்குச் சுண்டு ஒரு கைப்பிடி முள்ளங்கி விதை தர வேண்டும். இன்னும் தரவில்லை.