செயலி இல்லாதபோது பதிந்தது

“அழிச்சா நிஜமாவே போயிடுமாம்மா?”

போன் பழுது பார்க்கும் கடைக்கு வந்த பெரியவர், அங்கே வேலை பார்க்கும் அவளிடம் அப்படித்தான் கேட்டார். கடை ஒரு பழைய கட்டடத்தில், தரைக்குக் கீழே இருந்தது. பகலிலும் விளக்கு எரிய வேண்டும். சுவரின் பூஞ்சை வாசனையும் உருகிய ஈயத்தின் வாசனையும் கலந்து மூக்கிலேயே தங்கிவிடும்.

“கண்ணுக்குத் தெரியாது ஐயா. உள்ள இருக்கும்” என்றாள் மெதுவாக.

அவர் மேசைமேல் வைத்தது இறந்துபோன மகளின் போன். இடம் நிரம்பி, தொட்டால் அசையாமல் நின்றுவிடுகிறதாம். மகள் தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறாள். தினமும் அதைக் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இப்போது அது பாதியிலேயே நின்றுபோகிறது. வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்டு, அதை மட்டும் தொடாமல் தரச் சொன்னார்.

கடைக்கார அண்ணன் வாயாடி. “கம்பெனிக்காரன் போட்டு அனுப்புற ஆப்பெல்லாம் சம்பந்தி வீட்டு ஆளுங்க மாதிரி ஐயா. நாம கூப்பிடல, ஆனா போகவும் மாட்டாங்க. ரூட் பண்ணி, அதாவது கம்பெனிப் பூட்டை உடைச்சு விரட்டலாம்னா போன்ல இருக்கிறது மொத்தமும் போயிடும். தங்கச்சி வேற வழியில எடுத்துடும்.”

பெரியவர் சிரித்தார். மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனார்.

அவள் போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, கட்டளைகளை அடித்தாள். அழிக்கும் பொத்தானே இல்லாத விளையாட்டும் செய்தியும் வானிலையும் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. ஒலிப்பதிவுச் செயலிகள் மட்டும் இரண்டு இருந்தன. மகளே இறக்கிக்கொண்ட ஒன்று, கம்பெனி போட்ட ஒன்று. முதலாவதில் நிறையப் பதிவுகள். அவைதான் என்று நினைத்து நகலெடுத்தாள். அடுத்தவர் வீட்டுக் குரலைத் திறந்து கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலே கம்பெனி போட்டதை எடுத்துவிட்டாள்.

செயலி சேர்த்து வைத்தது அழியாமல் இருக்க, கட்டளையில் ஒரு சிறு எழுத்தைச் சேர்க்க வேண்டும். குப்பைதானே என்று சேர்க்கவில்லை.

அப்புறம்தான் மனசு கேட்காமல் நகலைத் திறந்தாள். வகுப்பறைப் பாடம். யாரோ ஓர் ஆசிரியர் பேசிக்கொண்டே போனார். அடுத்ததிலும் அவரே. கடைசிவரை அவரே.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, அழிச்சிட்டேன். அவங்க குரல் அதுலதான் இருந்திருக்கு. ஐயாகிட்ட சொல்லாதீங்க.”

அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். போன் பழசு, தானாகவே கெட்டுப்போனது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவள் தலையாட்டினாள்.

செயலியைத் திரும்பக் கொண்டுவருவது எளிது, வேறு கட்டளை. வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தது. போனை அணைத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

காலையில் இழுப்பறையைத் திறந்தபோது போன் சூடாக இருந்தது.

திரை எரிந்துகொண்டிருந்தது.

காலியாக இருந்த செயலியில் ஒரு பதிவு. நேரத்தைப் பார்த்தாள். நேற்று, அவள் அதை அழித்ததற்குப் பின். திரும்பக் கொண்டுவந்ததற்கு முன். அந்த நேரத்தில் போனில் அந்தச் செயலியே இல்லை.

காதில் வைத்துக் கேட்டாள். மின்விசிறியின் முனகல். விசைப்பலகைச் சத்தம். மிக அருகில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு அவள் குரல். “அண்ணா, அழிச்சிட்டேன்…”

நிறுத்தினாள். பதிவை அழித்தாள்.

மறுபடி இருந்தது.

அழித்தாள்.

இருந்தது.

மூன்றாம் முறை அழிக்கப் போகும்போது பெரியவர் உள்ளே வந்துவிட்டார். அண்ணன் வேலை இருப்பதுபோலக் குனிந்துகொண்டார். பெரியவர் போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

“எம்பொண்ணு இருக்காளாம்மா?”

“போன் பழசு ஐயா. தானாவே…”

அதற்குள் அவர் விரல் பதிவைத் தொட்டுவிட்டது. சின்னக் கடை முழுவதும் அவள் குரல் கேட்டது. அழிச்சிட்டேன். ஐயாகிட்ட சொல்லாதீங்க. ஒரு சொல்லும் குறையாமல் கேட்டது. அண்ணன் நிமிரவில்லை.

பதிவு அதோடு முடியவில்லை. காலையில் அவள் கேட்காமல் விட்ட மீதியில் இன்னொரு குரல் இருந்தது. இளம் குரல், வெகுநேரம் காத்திருந்து அலுத்த குரல்.

“அப்பா, வாங்க. வீட்டுக்குப் போலாம்.”

பெரியவரின் உதடு துடித்தது. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. அவர் அவளை ஒருமுறை பார்த்தார். போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

போய்க் கதவைத் திறந்தவர் வெளியேறவில்லை. அதைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார், இன்னொருவர் முதலில் போகட்டும் என்பதுபோல. மேசையைத் தாண்டி ஈரக் கூந்தல் வாசனை ஒன்று மெல்ல நகர்ந்து போனது.

அது படியேறும் வரை காத்திருந்துவிட்டு, அவரும் பின்னால் ஏறிப் போனார்.