நான்கு என்று எழுதிய கை

நான்கு என்று வரவேண்டிய இடத்தில் இரண்டு என்று வந்திருந்தது.

சீனிவாசலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தான். இரண்டுதான். மில் நிர்வாகம் புதிதாக வாங்கி, லினக்ஸ் ஏற்றி வைத்திருந்த கணினி அது; தன் நிரலை அதில் ஏற்றிக் கொடுக்க வந்திருந்தான். அதில் ஒரு முழு எண்ணுக்கு நான்கு பைட் இடம் என்பதில் சந்தேகத்துக்கே வழியில்லை.

அவன் எழுதிய சி மொழி நிரல் எந்தக் கணினிக்குப் போனாலும் முதலில் ஓடுவது கன்ஃபிகர் ஸ்கிரிப்ட்தான். புதிதாகக் குடிவந்தவர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுபோல அது, நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும். முழு எண்ணுக்கு எவ்வளவு இடம்? இந்த வசதி உண்டா? அந்த வசதி உண்டா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குட்டி நிரலை ஓட்டிப் பார்த்துப் பதிலைக் குறித்துக்கொள்ளும். அந்தப் பதில்களை நம்பித்தான் உண்மையான நிரல் உருவாகும்.

அந்த ஒரு கேள்வியை மட்டும் தனியாக எழுதி ஓட்டினான். நான்கு. ஸ்கிரிப்டை ஓட்டினான். இரண்டு.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். மில்லுக்கு விடுமுறை. மழை மூட்டம் கட்டியிருந்தது. சிங்காநல்லூர்க் குளத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் பாசி வாடையும், எந்நாளும் இந்தச் சுவர்களை விட்டுப் போகாத பஞ்சுத் தூசியின் வறண்ட நெடியும் கலந்து மூக்கை அடைத்தன. மானேஜர் திருமலைசாமி அறையைத் திறந்து கொடுத்துவிட்டுப் போகும்போது சொல்லியிருந்தார்: "ஷெட்டுக்கு மெயின் எடுத்தாச்சுங்க. உங்க ரூமுக்கு மட்டும் ஆபீஸ் லைன்ல கரண்ட் இருக்குதுங்க. நிம்மதியாப் பாருங்க."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷின்கள் இருட்டில் வரிசையாக நின்றன. கடைசி மெஷினை அவன் பார்க்கவில்லை. வந்ததிலிருந்தே பார்க்கவில்லை.

அந்த மெஷினுக்குள் ஆள் உயரத்துக்கு ஓர் உருளை. உடம்பெல்லாம் கம்பிப் பல். சுவிட்சை அணைத்தாலும் அது உடனே நிற்காது. வெகுநேரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். உருளையின் சுற்றை எண்ணி, அது உண்மையிலேயே நின்ற பிறகு பச்சை விளக்கைப் போட்டுக் கதவின் பூட்டை விடுவிப்பதுதான் சீனிவாசலுவின் நிரல். அவன் அலுவலகத்து யூனிக்ஸ் கணினியில் பிசகில்லாமல் ஓடியது. மில்லில் அப்போது இருந்ததோ பழைய டாஸ் கணினி, வேறு கம்பைலர். அதில் முழு எண்ணுக்கு இரண்டே பைட். முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டினால் எண்ணிக்கை கவிழ்ந்து பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஸ்கிரிப்ட் அன்று அதைக் கண்டுபிடித்து, இந்தக் கணினிக்கு இந்த நிரல் ஆகாது என்று சொல்லி நின்றுவிட்டது.

மறுநாள் காலை முதலாளி வந்து தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. எண்ணிக்கை வரும் இடங்களையெல்லாம் தேடி மாற்ற அவகாசமில்லை. ஸ்கிரிப்ட் எழுதிவைத்த கோப்பைத் திறந்து, இரண்டை அழித்து, நான்கு என்று தன் கையாலேயே எழுதினான். கம்பைலர் மறுபேச்சுப் பேசவில்லை. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தான்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, எண்ணிக்கை கவிழ்ந்தது. சுற்று பூஜ்யத்துக்கும் கீழே என்றால் உருளை நின்றுவிட்டது என்றுதானே நிரலுக்கு அர்த்தம். பச்சை எரிந்தது. பூட்டு விட்டது. சிக்கிய பஞ்சை எடுக்க, அந்த மெஷினில் வேலை பார்த்த ராசப்பன் கையை விட்டான்.

விசாரணையில் சீனிவாசலு தெளிவாகப் பேசினான். நிரலில் பிழையில்லை, எங்கள் கணினியில் சோதித்தாயிற்று, பச்சை விளக்கு எரிந்திருக்காது, அவசரத்தில் பூட்டை நெம்பித் திறந்திருப்பார். குரல் நடுங்கவேயில்லை. அந்த வாரமே யாருக்கும் தெரியாமல் வந்து நிரலைத் திருத்தி வைத்துவிட்டுப் போனான்.

"ஏனுங்க சார், டீ ஆறிப்போகுதுங்க."

திடுக்கிட்டுத் திரும்பினான். மாரியாத்தாள். ராசப்பனின் மனைவி. அவன் செத்தபிறகு மில்லில் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு டம்ளரை நீட்டினாள்.

"லீவு நாள்லயும் வேலைங்களாம்மா?"

"லீவன்னிக்குத்தானுங்க மிசினுக்குள்ள இருக்கற பஞ்சையெல்லாம் எடுக்க முடியும்." போகாமல் நின்றாள். "சார், ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"எங்கூட்டுக்காரரு அவசரப்படற ஆளே இல்லீங்க. சோத்தைக் கூட ஆற வச்சுத்தான் திம்பாரு. அவசரப்பட்டுக் கையைக் கொண்டுபோய் உட்டுபோட்டாருன்னு சொந்தபந்தமெல்லாம் பேசுதுங்க. எம்பொண்ணு கூட அப்பனைத் திட்டுதுங்க. நீங்க படிச்சவீங்க. நெசமாலுமே அந்த வெளக்கு எரியலீங்களா சார்?"

டம்ளர் விரலைச் சுட்டது. சொல்லிவிடலாம். இந்த அறையில் வேறு யாருமில்லை. ஒரே ஒரு வார்த்தை.

"எரிஞ்சிருக்காதும்மா," என்றான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள்.

அவன் திரும்பியபோது ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவன் ஓட்டியிருக்கவில்லை.

வழக்கமான கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறின. பிறகு வேகம் குறைந்தது. ஒரு கேள்வி வெகுநேரம் பதிலில்லாமல் நின்றது. அவன் எழுதாத கேள்வி.

நிரலில் பிழை உண்டா? இல்லை.

விசையை அழுத்தி நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

விளக்கு எரிந்ததா? இல்லை.

ராசப்பன் பூட்டை நெம்பினானா? ஆம்.

எல்லாம் சீனிவாசலுவே சொன்ன பதில்கள். விசாரணையில் சொன்ன அதே வரிசை. மின்கம்பியைப் பிடுங்கினான். திரை அணைந்தது. காது இரைந்தது. அணைந்த கண்ணாடியில் தன் முகம் தெரிய, அதைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஷெட்டுக்குள்ளிருந்து. கனமான ஒன்று, எண்ணெய் போட்ட அச்சில், மெதுவாக வேகம் பிடிக்கும் முனகல். தரை வழியாகக் குதிகாலுக்கு ஏறியது.

மெயின் எடுத்தாயிற்று. திருமலைசாமி சொல்லிவிட்டுத்தான் போனார்.

"சார்!" மாரியாத்தாளின் குரல். "கொஞ்சம் வாங்க சார்!"

ஓடினான். கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்ததும் சத்தம் பட்டென்று அறுந்தது. இருட்டு. பஞ்சு நெடி. அதனூடே சூடான இரும்பின் வாடை. வரிசையின் கடைசியில் மட்டும் ஒரு பச்சை வெளிச்சம்.

அவள் அந்த மெஷின் முன்னால் நின்றிருந்தாள். கதவு திறந்திருந்தது. முகத்தில் பயமில்லை. கண்ணெல்லாம் நீர்.

"கூப்புடறாருங்க," என்றாள். "உள்ள இருந்து. எம்பேரைச் சொல்லிக் கூப்புடறாருங்க சார்."

"மாரீ..."

அவனுக்கும் கேட்டது. பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கிய ஆண் குரல். பொறுமையான குரல். அவசரமே இல்லாத குரல்.

உருளை திறப்பில் தெரிந்தது. வழவழவென்று. பளபளவென்று. அசைவே இல்லாததுபோல. ஆனால் அவள் நெற்றி முடி உள்பக்கமாக இழுபட்டுப் பறந்தது. அவள் தோளில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கு பிய்ந்து, திறப்புக்குள் பாய்ந்து, இல்லாமல் போனது.

சுற்றுகிறது. முழு வேகத்தில்.

கால் நகரவில்லை. கை எழவில்லை. அவள் இடது கையால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வலது கையைத் திறப்புக்கு நேரே நீட்டினாள். பிறகு, எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்பதுபோல, அவன் பக்கம் திரும்பினாள்.

"வெளக்கு எரியுதுங்க. மிசினு நின்னுருச்சுங்களா சார்? கையை உடலாங்களா?"

இல்லை. தொடாதே. நான் சொன்னது பொய். மூன்றும் தொண்டை வரை வந்தன. வாயைத் திறந்தான்.

வெளியே வந்தது அந்த விசாரணைக் குரல். தெளிவாக. நடுக்கமே இல்லாமல்.

"நின்னுருச்சும்மா."

அவள் முகம் மலர்ந்தது.

"சரிங்க சார்," என்று சொல்லி, தோள் வரை கையை உள்ளே விட்டாள்.